தராசு சொல்லாத உண்மை

"என் பையன் நல்ல எடை இருக்கிறான், அவனுக்கென்ன குறை?" என்கிறார் ஒரு தந்தை. "என் மகன் ஒல்லி, அவனிடம் கொழுப்பே கிடையாது" என்கிறார் இன்னொருவர். இருவரும் நம்புவது தராசை! தராசோடு பிழைப்பு நடத்தும் வணிகச் சகோதரர்களுக்குத் தெரியாதா? அது எடையைத்தான் சொல்லும். மூட்டைக்குள் இருப்பது அரிசியா, உமியா என்று சொல்லாது.

1942-ல் வெல்ஹாம், பெங்கே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், அந்நாட்டுப் பாணிக் கால்பந்து ஆடும் தொழில்முறை வீரர்கள் 25 பேரைச் சோதித்தார்கள். உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் அதிக எடை, ராணுவத்துக்கே லாயக்கில்லாதவர்கள்! ஆனால், தண்ணீருக்குள் வைத்து எடை பார்த்தபோது உண்மை வெளிவந்தது. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் மூழ்கும். அந்த வீரர்களின் கூடுதல் எடை தசையால் வந்தது, கொழுப்பால் அல்ல.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே ஒப்பிட்டு எழுதினார்கள். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் முக்கிய ஓட்டம், லிப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது என்று அவர்களே வேடிக்கையாகக் குறிப்பிட்டார்கள்.

ஓட்டம் மட்டுமே காரணமல்ல. ஒரே எடையிலும் நம் நாட்டவருக்குப் பொதுவாகக் கொழுப்பு அதிகம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 25 வரை காத்திராமல் 23-லேயே ஆசியர்களை எச்சரிக்கச் சொன்னது. ஒல்லியாக இருப்பவனும் தப்பிக்கவில்லை!

இளைஞர்களே! உயரமும் எலும்பின் அகலமும் பெரும்பாலும் பிறப்போடு வருபவை. கபடி வீரனுக்கு ஒரு கட்டு, நெடுந்தூரம் ஓடுபவனுக்கு ஒரு கட்டு. அந்த உடல்வாகு உள்ளவனைப் பார்த்துத்தான் அணிக்கும் எடுக்கிறார்கள். அது நமக்கில்லையே என்று ஏங்க வேண்டாம். தசையைக் கூட்டுவதும் கொழுப்பைக் குறைப்பதும் பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது.

ஆனால் பள்ளிகளில் நடப்பதென்ன? அணியில் உள்ள பத்துப் பதினைந்து பேருக்கு மைதானம், மற்றவர்களுக்கு வேடிக்கை. பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டு வகுப்பையும் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பருமனான பையன் மைதானத்துக்கு வந்தால் கேலி செய்து விரட்டுகிறார்கள். பசித்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, உண்டவனுக்கே மீண்டும் இலை போடும் பந்தி இது!

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்தான்!

பெற்றோர்களே! அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். "என் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடினான்?" என்றும் கேளுங்கள். கல்லாவில் காலை முதல் இரவுவரை அமர்ந்திருக்கும் நீங்களும் ஒரு நாடாவை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் அது எச்சரிக்கை மணி! பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் நடக்கத் தொடங்குங்கள்.