ஸ்பிட்பயரின் சிற்றுரு

போர் விமானத்தின் சிற்றுருவைச் செய்தலைச் சிறார் விளையாட்டென்று ஒதுக்குவாருளர். அக்கூற்றுப் பொருந்துவதன்று. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவரிடம் ஐந்து இலட்சம் மர உருக்களைச் செய்து தருமாறு கேட்டது. நட்பு விமானம் எது, பகை விமானம் எது எனக் கண்டறியப் படைவீரர் அவற்றைக் கொண்டே பழகினர். உரு பிழைத்தால் கண் பிழைக்கும். கண் பிழைத்தால் தம் துணைவரையே சுட நேரும்.

மிட்செல் என்பார் வடிவமைத்த ஸ்பிட்பயர் என்னும் ஆங்கிலேய விமானம் 1936இல் முதன்முதல் பறந்தது. சிறகு விரிவு 11.23 மீட்டர், 72இல் ஒரு பங்காகக் குறைப்பின் ஒரு சாணுக்கும் குறைவே. உறுப்புகளை ஒட்டுதல் எளிது. ஒட்டிய தழும்பு மறையத் தேய்ப்பதற்குப் பொறுமை வேண்டும். வண்ணம் தீட்டுவதற்கோ அறிவே வேண்டும்.

சிறகின் முன்விளிம்பில் தோன்றும் சிவப்புத் துண்டுகளை அணியென்று கருதுவோர் உண்டு. அவை எட்டுத் துப்பாக்கிகளின் வாய்களில் ஈரமும் குளிரும் புகாதபடி ஒட்டிய துணிகள், சுட்டவுடன் கிழிவன. ஆதலின், போர் முடித்து மீண்ட விமானத்தை அமைப்பவன் அங்கே சிவப்பைத் தீட்டலாகாது. துளைகளையும், சிறகின் கீழே படிந்த புகைக்கறையையும் காட்டவேண்டும். பளபளப்பை விரும்புவோர்க்கு இஃது உவப்பாயிராது. ஆயினும் உண்மை இதுவே.

இடச்சிறகின் அடிப்புறத்தில் வண்ணம் தேய்ந்திருத்தலும் வேண்டும். விமானிகள் கால்வைத்து ஏறிய இடம் அது. 1940இல் அவ்வாறு ஏறியவருள் பலர் இருபது வயதினர். மீண்டு வந்து இறங்காதவரும் அவருள் பலர்.