சுயேச்சையா? யாரிடமிருந்து சுயேச்சை?

ஒன்றியக் கவுன்சிலுக்கும் மாவட்டக் கவுன்சிலுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. கிராம ஊராட்சித் தலைவருக்கு மட்டும் பூட்டுச் சாவி, ஆட்டோ ரிக்‌ஷா! எல்லோரும் சுயேச்சைகள். "ஊருக்குள் அரசியல் வேண்டாம், பொது மனிதர் வரட்டும்" என்கிறார்கள் பெரிய மனிதர்கள்.

யார் அந்தப் பொது மனிதர்? ரோடு காண்டிராக்டரின் மைத்துனர், பட்டாசு ஆலைக்கு நிலம் விட்டவர், வட்டிக்கடைக்காரர். கட்சிக்குக் கட்டுப்படாதவர்தான். ஆனால் பணமூட்டைக்கும் சாதிக்கூட்டத்துக்கும் கைகட்டி நிற்பவர்!

நம் மாவட்டமே சாட்சி. கொட்டக்கச்சியேந்தல் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் பத்தாண்டுகள் நடந்த கூத்து என்ன? மனுப் போடவே ஆள் வரவிடாமல் தடுத்தனர் ஆதிக்க சாதியார். அல்லது தாங்களே ஒருவரை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜிநாமா எழுதி வாங்கினர். அவரும் சுயேச்சைதான்! விடாத போராட்டத்துக்குப் பின் 2006 அக்டோபரில்தான் நான்கு ஊரிலும் முறையாகத் தேர்தல் நடந்தது.

2019 டிசம்பரில் இதே மாவட்டத்தின் கோட்டைப்பட்டியில், தலைவரை ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்வதைத் தட்டிக்கேட்ட இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பதவிக்கு ஏன் இத்தனை கிராக்கி? தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் நகரும். அந்தப் பேனாவுக்குத்தான் ஏலம்!

"கட்சிக்காரன் மட்டும் யோக்கியனா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கட்சிக்காரன் ஏய்த்தால் அவன் கொடிக்கம்பத்தின் கீழ் நின்று கேட்கலாம். அடுத்த தேர்தலில் கட்சிக்கே பாடம் கற்பிக்கலாம். சுயேச்சை ஏய்த்தால் யாரைப் பிடிப்பது?

2019-ல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. தேர்தல் எப்போது வந்தாலும், ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்திக் கேளுங்கள்: கூலி பாக்கி என்றால் யார் பக்கம் நிற்பாய்? சேரிக்குக் குடிதண்ணீர்க் குழாய் எப்போது? பட்டாசு ஆலையைச் சட்டவிரோதமாக உள்குத்தகைக்கு விட்டால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவாயா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகினவே, மறந்துவிடலாமா?

பதில் சொல்லாதவர் சுயேச்சை அல்ல, முதலாளியின் ஏஜெண்டு!

மில் தொழிலாளிகளே, பயராபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் தோழர்களே, விவசாயக் கூலிகளே! மே தினத்திலும் கிராம சபை கூடுகிறது. வேலை இல்லாத நாள்தானே? கூட்டமாகப் போங்கள், வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நம் வேட்பாளரை நாமே அங்கிருந்து தேர்ந்தெடுப்போம்!