நாலு மணி நேரம்தானே?

என் மாமியார் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. இன்னும் எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு ஓயவில்லை. "சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரம்தானே! பெத்த தாய்க்கு வாய்க்கரிசி போட மகள் வரலையே" என்று என் நாத்தனாரைக் குறை சொல்கிறார்கள். "நாம திண்டுக்கல் போயிட்டு வர்ற நேரத்துல அவ வந்திருக்கலாமே" என்றார் ஒரு பெரியம்மா.

அன்று நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தை உயிர் பிரிந்தது காலை 6 மணிக்கு. அப்போது சிங்கப்பூரில் எட்டரை மணி. அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நாத்தனார் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அழுதுகொண்டே லீவு கேட்டு, டிக்கெட் தேடினால், திருச்சிக்கு இரவு விமானத்தில்தான் இடம் இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் முன்னாடியே விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் 8.30, சேரும் நேரம் 10.00 என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு "ஒன்றரை மணி நேரம்தானா!" என்று வேறு ஆச்சரியப்பட்டார்கள். புறப்படுவது அந்த ஊர் நேரம், சேருவது நம் நேரம். ஏறக்குறைய 3,000 கிலோமீட்டரைக் கடக்க நாலு மணி நேரம் ஆகத்தான் செய்யும். இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடித்து வெளியே வர 11 மணி. அப்புறம் திருச்சியிலிருந்து திண்டுக்கல் 100 கிலோமீட்டர், அங்கிருந்து பழனி 60, பிறகு நம் கீரனூர். வாசலில் வந்து அவர் விழுந்தபோது விடிகாலை 3 மணி. ஆக மொத்தம் 21 மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது நாலே மணி நேரம்!

ஆனால் இங்கே மாலை 4 மணிக்கே எடுத்துவிட்டார்கள். காத்திருக்காதது நாம். பழி மட்டும் அவருக்கு.

சிங்கப்பூருக்கே இப்படி என்றால் அமெரிக்காவில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? 2021 ஜனவரியில் நம் நாட்டுப் பெண் விமானிகளே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாகப் பெங்களூருக்கு எங்கும் இறங்காமல் விமானத்தை ஓட்டி வந்தார்கள். சுமார் 14,000 கிலோமீட்டர் தூரம். நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. அதற்கே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆனது. நடுவில் விமானம் மாறி வருபவர்களுக்கு இன்னும் கூடும்.

சகோதரிகளே, வெளிநாட்டு வரன் வந்து "பக்கம்தான், நாலு மணி நேரம்" என்று தரகர் சொன்னால், நம் வாசலிலிருந்து அவர்கள் வாசல் வரை எத்தனை மணி என்று கேளுங்கள். பெண்ணுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவசர டிக்கெட்டுக்கென்று அவள் கையில் கொஞ்சம் பணம் தனியாக இருக்கட்டும்.

துக்க வீட்டில் எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் முன், "மகள் எத்தனை மணிக்கு வந்து சேருவாள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஐஸ் பெட்டி இப்போது எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு ராத்திரி பொறுத்திருந்தால், அந்தப் பெண் ஆயுசுக்கும் அழ வேண்டியிருக்காது.

- ஒரு வாசகி, கீரனூர்.