வைரவனை விரட்டினா புல்தரை தப்பிச்சிடுமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தயவுசெய்து முழுசும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க. இந்த விஷயத்துல முதல்ல திட்டு வாங்க வேண்டிய ஆள் நான்தான். அது எப்படின்னு கீழே சொல்றேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு பூஜை முடிஞ்சு எல்லாரும் பிரசாதத்தை வாங்கிக்கிட்டு வழக்கம்போல புல்தரைப் பக்கம் போனாங்க. நம்ம கோயில்ல தேவாரம் பாடுற பாட்டி இருட்டுல ஒரு குழியில கால் வச்சுத் தடுமாறிட்டாங்க. பக்கத்துல இருந்த தம்பி சட்டுனு கையைப் பிடிச்சதால தப்பிச்சாங்க. அந்த வயசுல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா என்ன ஆகும்னு வீட்ல பெரியவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும்.

குழி தோண்டினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி யாரோ ஓர் அட்டைப்பெட்டியில போட்டு ஆலய வாசல்ல விட்டுட்டுப் போன கறுப்பு நாய்க்குட்டி. திருமுறை வகுப்புப் பிள்ளைங்க அதுக்கு 'வைரவன்'னு பேர் வச்சுட்டாங்க. இப்போ நாலு மாசக் குட்டி.

அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குழுவுல ஆரம்பிச்சிடுச்சு. நகராண்மைக் கழகத்துக்குப் போன் போடுங்க, வந்து பிடிச்சிட்டுப் போகட்டும்னு ஒருத்தர். லோரியில ஏத்திச் செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டு வந்துடலாம்னு இன்னொருத்தர். மிளகாய்த்தூள் தூவலாம், பாச்சை உருண்டை போடலாம்னு வேற ரெண்டு பேர். வர்ற வியாழக்கிழமை நிர்வாகக் கூட்டத்துல இதுக்கு முடிவு எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தொண்டனா என் கருத்தைச் சொல்லிடறேன்.

புல்தரையைக் காப்பாத்தணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு காலத்துல அந்த இடம் கல்லும் சேறுமா கார் நிறுத்துற இடமா கிடந்தது. ஒரு குடும்பம் தங்களோட அப்பா நினைவா உபயமா எடுத்து, மண் கொட்டி, கார்ப்பெட் புல் பதிச்சுக் கொடுத்தாங்க. அன்னதானத்தன்னைக்குப் பிள்ளைங்க அங்கதான் உட்கார்ந்து சாப்பிடுறாங்க. ஓரத்துல ஒரு பாத்தி நிறைய அருகம்புல். விநாயகர் சதுர்த்திக்கு வெளியில வாங்காம நம்ம மண்ணுல வளர்ந்த அருகம்புல்லைத்தான் சாத்தணும்னு குருக்களுக்கு ஆசை. அதைத் தோண்டிப் போட்டா யாருக்குத்தான் மனசு வலிக்காது?

ஆனா வைரவனை விரட்டினா புல்தரை தப்பிச்சிடும்னு நினைக்கிறது தப்பு. ஏன்னு சொல்றேன்.

மறுநாள் காலையில வெளிச்சத்துல போய் எல்லாக் குழியையும் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 11. அதுல 7 குழி அருகம்புல் பாத்தியிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய புல்தரை இருக்கும்போது நாய் ஏன் அந்தச் சின்னப் பாத்தியையே குறி வைக்குது? யோசிச்சேன். மூணு வாரத்துக்கு முன்னாடி அருகம்புல் மஞ்சளா வந்துச்சுன்னு, இயற்கை உரம்னு போட்டிருந்த ஒரு மூட்டையை வாங்கிட்டு வந்து அங்க கொட்டினது நான்தான். ஸ்டோர்ல போய் அந்த மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாடி சின்ன எழுத்துல 'செர்புக் துலாங்'னு போட்டிருந்தது. எலும்புத்தூள். கூடவே மீன் கழிவு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முட்டை கலந்த கேக்கைக்கூட நாம ஆலயத்துக்குள்ள விடமாட்டோம். பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்லுக்கு எலும்புத்தூள் போட்டவன் நான். நேரா குருக்கள்கிட்ட போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசலை. பிறகு, "அந்த நாய் தோண்டலைன்னா சதுர்த்தி வரைக்கும் நமக்குத் தெரிஞ்சே இருக்காதே"ன்னு மட்டும் சொன்னார்.

எலும்புத்தூள், மீன் உரம், காயாத எரு, இது எது மண்ணுல இருந்தாலும் நாய்க்கு உள்ளே ஏதோ தீனி புதைஞ்சிருக்கிற மாதிரிதான் வாசனை அடிக்கும். நல்ல புத்தியுள்ள நாய் தோண்டத்தான் செய்யும்.

மீதி 4 குழியையும் பார்த்தேன். ரெண்டு குழி, நாம பூமாலைக் கழிவையும் தேங்காய்க் கழிவையும் குவிச்சு வைக்கிற மூலையில. கிளறிப் பார்த்தா கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் புழு. தென்னை, செம்பனையைக் கெடுக்கிற காண்டாமிருக வண்டு இப்படி மக்கிப்போன குப்பையிலதான் முட்டை போடும். அந்தப் புழு நெளியறது நாயோட காதுக்குக் கேட்கும், மூக்குக்கும் தெரியும். மூணாவது குழி மாமரத்தடியில, ஆழமில்லாம அகலமா இருந்தது. அது மத்தியான வெயிலுக்குக் குளிர்ச்சியான மண்ணுல படுக்கத் தோண்டினது. நாலாவது, பாட்டி கால் வச்ச குழி. அதுக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? பாதி உளுந்து வடை. நாம பாசத்துல போட்டதைத் தின்ன முடியாம நாளைக்கு ஆகட்டும்னு புதைச்சு வச்சிருக்கு.

இப்போ சொல்லுங்க. உரம் நான் போட்டது. குப்பை நாம குவிச்சது. வடை நீங்க போட்டது. வைரவனை நாளைக்கே அனுப்பிட்டாலும் இதெல்லாம் அங்கேயேதான் இருக்கும். அடுத்த மாசம் வேறொரு நாய் வரும். அதுவும் தோண்டும். எத்தனை நாயை லோரியில ஏத்துவோம்?

அதனால நான் கூட்டத்துல வைக்கப்போற யோசனை இதுதான்.

முதல்ல, எலும்புத்தூள் கலந்த மேல்மண்ணை முழுசா எடுத்துட்டு அருகம்புல் பாத்தியைப் புது மண்ணுல திரும்பப் போடணும். அந்தச் செலவு என்னுடையது. நட்டதும் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையை மண்ணோட மண்ணா படியவச்சு, ஒவ்வோர் அடிக்கும் வளைச்ச கம்பியால குத்தி இறுக்கணும். வெட்டின முனையைக் கீழ்ப்பக்கமா மடக்கி விடணும், இல்லைன்னா பிள்ளைங்க காலைக் கிழிச்சிடும். புல் வலைக் கண்ணு வழியா மேலே வந்து கொஞ்ச நாள்ல வலையையே மூடிடும். நாய் பிறாண்டினா நகத்துல கம்பிதான் தட்டுப்படும், ரெண்டு தடவை பார்த்துட்டு விட்டுடும். பெரிய புல்தரையில குழியை மூடுற இடத்துக்கும் இதேதான். வலை மேலே தூக்கிக்கிட்டு நின்னா புல்வெட்டுற மெஷின்ல சிக்கும், அதுல மட்டும் கவனம் வேணும்.

ரெண்டாவது, பூக்கழிவை மூடி போட்ட தொட்டிக்கு மாத்தணும். அதுவும் புல்தரையை விட்டுத் தள்ளி, பின்பக்கத்துல.

மூணாவது, தோண்டுறதுக்குன்னே அதுக்கு ஓர் இடம் கொடுக்கணும். சிரிக்காதீங்க. நாய்க்குட்டி தோண்டுறது அதோட பிறவிக் குணம், அதை நிறுத்த முடியாது, திருப்பி விடத்தான் முடியும். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நிழல்ல நாலுக்கு நாலு அடி பலகை அடிச்சு மணல் கொட்டி, அதுல பழைய பந்து, நாய் பிஸ்கட்னு புதைச்சு வைக்கணும். புல்தரையில தோண்டுறதைப் பார்த்தா உடனே குரல் கொடுத்து நிறுத்தி, மணலுக்குக் கூட்டிட்டுப் போய், அங்க தோண்டினா தட்டிக் கொடுக்கணும். குழியைப் பார்த்துட்டு அரைமணி நேரம் கழிச்சு அடிச்சா, எதுக்கு அடிக்கிறாங்கன்னே அதுக்குத் தெரியாது. நம்மைப் பார்த்துப் பயப்படுறதை மட்டும்தான் கத்துக்கும். பக்கத்துலேயே ஒரு சட்டியில தண்ணி வைக்கணும். காலையும் மாலையும் இளைஞர் பிரிவுப் பையன்க கயிறு போட்டு அரைமணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போறதா ஒத்துக்கிட்டாங்க. சும்மா கிடக்கிற நாய்க்குட்டிக்குத்தான் மண்ணைப் பார்த்தா கை அரிக்கும்.

மிளகாய்த்தூளும் பாச்சை உருண்டையும் வேண்டவே வேண்டாம். மிளகாய் கண்ணுலயும் மூக்குலயும் ஏறித் துடிக்கும். பாச்சை உருண்டை நாய்க்கு விஷம், அதே புல்லுல தவழுற குழந்தைக்கும் விஷம். நம்ம நாட்டுல 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கு. விலங்கைக் கொடுமைப்படுத்தினா 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்லைன்னா மூணு வருஷம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஆலயத்துப் பேர் இப்படி ஒரு வழக்குல வரணுமா?

மறுப்புச் சொல்றவங்க பேச்சுலயும் நியாயம் இருக்கு. நாய் மண்டபத்துக்குள்ள வரக்கூடாது. முழுக்க ஒத்துக்கிறேன். அதுக்குப் பின்பக்கம் வேலி போட்டுத் தனி இடம் வேணும். நாயைக் கண்டா பயப்படுற பிள்ளைங்க இருக்காங்க. பக்கத்து வரிசையில மலாய்க் குடும்பங்கள் இருக்காங்க. அவங்க வாசல்ல நாய் போய் நின்னா அவங்களுக்குச் சங்கடம். இத்தனை வருஷமா நல்லா பழகினவங்க, அந்த உறவு கெடக்கூடாது. அதனால வைரவன் தெருவுல திரியக்கூடாது. தடுப்பூசி போடணும், 2017லேர்ந்து சரவாக்கில ரேபிஸ் பரவினதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். ஆறு மாசம் ஆனதும் கருத்தடை செய்யணும். நல்ல குடும்பம் ஒண்ணு முன்வந்து உரிமம் எடுத்து வளர்க்கத் தயாரா இருந்தா சந்தோஷமா கொடுத்துடலாம். அதுவரைக்கும் செலவுக்கு உண்டியல் பணத்துல கை வைக்க வேண்டாம், தொண்டர்கள் நாங்க 9 பேர் பகிர்ந்துக்கிறோம்.

பக்தர்கள்கிட்ட ஒரே வேண்டுகோள். பிரசாதத்தை அதுக்குப் போடாதீங்க. பொங்கல்ல இருக்கிற உலர்திராட்சை நாயோட சிறுநீரகத்தையே கெடுத்துடும். புண்ணியம்னு நினைச்சுப் போடுறது அதுக்கு விஷமாயிடும், மிச்சம் வச்சது அடுத்த குழியாயிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை திருமுறை வகுப்புல ஒரு பொண்ணு கேட்டா: "மாமா, வைரவனை லோரியில ஏத்தப் போறாங்களா?" அதே வகுப்புலதான் நாம தருமர் கதை சொல்லிக் கொடுத்தோம். கூட வந்த நாயை விட்டுட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு வாசல்லயே நின்னாரேன்னு. பைரவர் சன்னிதியில தேய்பிறை அஷ்டமிக்கு விளக்கு ஏத்தும்போது அவர் பக்கத்துல நிக்கிற வாகனம் எதுன்னும் அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியும். நம்ம பிள்ளையாரோட வாகனமே வளை தோண்டுற ஜாதிதான். அந்தப் பொண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. வியாழக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

பாட்டிகிட்டயும் போய்ப் பேசினேன். கால்ல லேசா வீக்கம்தான், கவலைப்பட வேண்டாம்னாங்க. "முதல்ல அந்தப் பக்கம் ஒரு லைட் போடுங்கடா, அப்புறம் நாயைப் பத்திப் பேசலாம்"னு சொன்னாங்க. நியாயமான பேச்சு. சனிக்கிழமையே ரெண்டு விளக்கு மாட்டியாச்சு, குழியையும் மண் போட்டு மூடியாச்சு.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்குப் புல்தரையில கோத்தோங் ரோயோங். மண்வெட்டி, கம்பி வெட்டுற குறடு, கையுறை இருக்கிறவங்க கொண்டு வாங்க. வைரவனை அனுப்பணும்னு சொல்றவங்களும் அவசியம் வாங்க. நாய் இருந்தாலும் போனாலும் பாத்தியைத் திரும்பப் போட்டுத்தான் ஆகணும். பசியாற இட்லியும் தேநீரும் மடப்பள்ளி அக்கா பார்த்துக்கிறாங்க. அதுல வடை மட்டும் கிடையாது.

விநாயகர் அருளால் எல்லாரும் நல்லா இருக்கணும்.