இந்த வயதில் உனக்கென்ன கவலை?

வீட்டில் நாங்கள் சற்று முகம் வாடி அமர்ந்திருந்தால் போதும். "வேளாவேளைக்குச் சோறு போடுகிறோம், நல்ல பள்ளியில் படிக்க வைக்கிறோம். இந்த வயதில் உனக்கென்ன கவலை?" என்ற கேள்வி வந்துவிடும். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆயினும் அது பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அன்று. பேச்சை முடித்து வைக்கும் கேள்வி.

கவலை வயது பார்த்து வருவதில்லை. 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் 7 பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அக்கணக்கின்படி 42 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் 6 பேர்!

இதற்கு உடலின் வளர்ச்சியும் ஒரு காரணம். இப்பருவத்தில் ஹார்மோன்கள் மாறுகின்றன. மூளையில் உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்பகுதியோ ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. குதிரை வந்துவிட்டது, கடிவாளம் இன்னும் முழுதாக வரவில்லை. சிறு சொல்லும் எங்களுக்கு அம்பாய்த் தைப்பது இதனால்தான். அதைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதனோடு ஒப்பீடு வேறு. பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் "பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்" என்ற பட்டியல் மட்டும் வீடுகளில் இன்னும் நின்றபாடில்லை.

சென்ற அரையாண்டுத் தேர்வின்போது எங்களில் ஒருத்தி வெற்றுத் தாளின் முன் அமர்ந்து அழுதாள். 'அமைதியான பிள்ளை' என்று பெயர் எடுத்தவள் அவள். பல வாரங்களாக அவள் மதிய உணவை அப்படியே திருப்பி எடுத்துச் சென்றதையும், விளையாட்டு வேளையில் தனியே நின்றதையும் நாங்கள் பார்த்தோம். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. சத்தம் போடும் பெண்ணைத் திருத்தப் பலர் இருக்கிறார்கள். சத்தமின்றி வாடும் பெண்ணை யார் கவனிக்கிறார்கள்? அன்று ஒரு சிஸ்டர் அவளருகில் அமர்ந்து, எதுவும் சொல்லாமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தேறத் தொடங்கியது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

ஒரு நாள் வாட்டமெல்லாம் நோய் ஆகாது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்து, உணவும் உறக்கமும் படிப்பும் கெடுமானால் தக்கவரின் உதவியை நாட வேண்டும். "ஜெபம் செய், சரியாகிவிடும்" என்பார் சிலர். ஜெபத்தின் வல்லமையை நாங்கள் மறுக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஜெபிக்கிறோம், மருத்துவரிடமும் போகிறோம் அல்லவா? மனத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? மனநல மருத்துவரைப் பார்த்தவளைப் 'பைத்தியம்' என்பது பாவம் அன்றோ? 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இதை ஒவ்வொரு தோழியும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பாடுகளுக்கு முந்திய இரவில், கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் ஆழ்ந்த துயரம் அடைந்தார். அதை அவர் மறைக்கவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரிடமும் வாய்விட்டுச் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். இறைமகனே தம் துயரத்தைச் சொன்னார் என்றால், நாம் சொல்வதில் வெட்கம் என்ன? அந்த நண்பர்களோ உறங்கிவிட்டார்கள்.

தோழியரே, நாம் உறங்க வேண்டாம். நம் அருகில் அமர்ந்திருப்பவளின் முகத்தைச் சற்றே பார்ப்போம்.

அன்புள்ள பெற்றோரே, அருட்சகோதரிகளே, "உனக்கென்ன கவலை?" என்று எங்களைக் கேட்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேளுங்கள், கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்லும் வரை சற்றுக் காத்திருங்கள்.