வீட்டிலேயே டயாலிசிஸ்

"என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். இதெல்லாம் என்னால் ஆகிற காரியமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஆகும், சகோதரி. படிப்பு அவசியமில்லை, சுத்தமும் பொறுமையும் இருந்தால் போதும்.

வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி மெல்லிய ஜவ்வு ஒன்று இருக்கிறது. பெரிடோனியம் என்று பெயர். சின்ன ஆபரேஷன் செய்து மிருதுவான குழாய் ஒன்றை வயிற்றில் பொருத்துவார்கள். அதன் வழியாக, சர்க்கரையும் உப்புகளும் கலந்த மருந்து நீரை உள்ளே விடுவார்கள். இரத்தத்திலுள்ள கழிவுகள் ஜவ்வைக் கடந்து அந்த நீரில் வந்து சேரும். உடம்பில் மிஞ்சிய தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். நாலைந்து மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புது நீர் விட வேண்டும்.

பெரும்பாலும் தினம் 3 அல்லது 4 முறை, தடவைக்கு 2 லிட்டர். மாற்றுவதற்கு அரைமணி ஆகும். மற்ற நேரம் நடமாடலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் 4 முறை என்றால் மாதத்துக்கு 120 பைகள்! பெட்டிகளை அடுக்க இடம் ஒழித்து வையுங்கள்.

அமெரிக்காவில் போபோவிச் என்ற பொறியியல் அறிஞரும் டாக்டர் மான்கிரீஃபும் 1976-இல் இந்த முறையை வகுத்தார்கள். அப்போது கண்ணாடி பாட்டில்தான். கிருமித் தொற்று படாத பாடு படுத்தியது. பிளாஸ்டிக் பை வந்த பிறகே அது குறைந்தது. இன்றைக்கும் பயப்பட வேண்டியது தொற்றுக்குத்தான்.

ஆகவே பை மாற்றும்போது:

• ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். குழந்தைகள் அறைக்குள் வரவேண்டாம்.

• மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கைகளை நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

• மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழாயின் திறந்த நுனியில் விரல் படவே கூடாது.

• பையைச் சூடாக்குகிறேன் என்று வெந்நீரில் போடாதீர்கள்.

வடிந்து வரும் நீர் தெளிவாக, இளமஞ்சளாக இருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி வந்தாலோ, வயிறு வலித்தாலோ, ஜுரம் அடித்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கலங்கிய பையையும் எடுத்துக்கொண்டு அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடனே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நீரோடு தினமும் புரதச் சத்தும் வெளியேறும். ஆகவே முட்டை வெள்ளைக்கரு, மீன், பருப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுச் சமையுங்கள். மலச்சிக்கல் வந்தால் நீர் சரியாக வடியாது. நீரிலுள்ள சர்க்கரை உடம்பில் சேரும் என்பதால் நீரிழிவுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குளம், ஆற்றுக் குளியல் வேண்டாம்.

ஏற்கெனவே வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். செலவைப் பற்றி: மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் 2019-இல் இந்த முறைக்கும் வழிகாட்டு நெறிகள் வெளியாகின. அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பை மாற்ற உங்கள் கணவரும் கற்றுக்கொள்ளட்டும். வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொள்ளட்டும். உங்களுக்கும் ஒருநாள் தலைவலி, காய்ச்சல் வரும் அல்லவா?