வெனிஸ்: படுக்கைகள் பெருகிய நகரம்

வெனிஸ் நகரில் வழி தவறாத சுற்றுலாப் பயணி எவரும் இலர். கார் இல்லை, பஸ் இல்லை, சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களுள் சிலவற்றில் ஏறி இறங்கிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். அங்கே வரைபடத்துடன் நிற்கும் இன்னொரு பயணி நம்மிடம் வழி கேட்பார்.

பெருமூச்சுப் பாலம் என ஒன்றுண்டு. அரச மாளிகையில் தீர்ப்புப் பெற்ற கைதிகள் சிறைக்கு நடந்த பாலம் அது. சிறு சாளரத்தினூடாக வெளியுலகை இறுதியாகப் பார்த்துப் பெருமூச்செறிவார்களாம். இன்று அதன் கீழே கொண்டோலாப் படகில் முத்தமிடும் காதலர்களே அதிகம். ஆயினும் அரை மணி நேரப் படகுச் சவாரிக்கான கட்டணம் 2023இல் 90 யூரோவாக உயர்ந்ததை அறியும்போது, பாலத்தின் பெயர் மீண்டும் பொருத்தமாகிவிடுகிறது.

புனித மாற்கு சதுக்கத்தின் மணிக்கோபுரம் 1902இல் அடியோடு சரிந்தது. மனிதர் எவரும் இறக்கவில்லை. காவலாளியின் பூனை இறந்ததாகச் சொல்வர். 1912இல் அதே இடத்தில், அதே தோற்றத்தில் கோபுரத்தை மீண்டும் எழுப்பிவிட்டனர். செங்கல்லை மீட்க அவர்களுக்குத் தெரியும். மனிதரை மீட்பதுதான் கடினமாக இருக்கிறது.

றியால்ட்டோ பாலத்துக்கு அருகிலுள்ள மருந்துக்கடையொன்றின் கண்ணாடியில் 2008இல் ஓர் எண்பலகை வைக்கப்பட்டது. பழைய நகரில் எஞ்சியுள்ள குடிமக்களின் தொகையைக் காட்டும் பலகை அது. 1951இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்த இடத்தில், 2022இல் அத்தொகை 50,000இற்குக் கீழே இறங்கிற்று. மறு ஆண்டில், பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்போரின் தொகையை விஞ்சிவிட்டன என அங்குள்ள குடிமக்கள் அமைப்பொன்று கணக்கிட்டது.

2024 ஏப்ரலில் மாநகர சபை நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தது. கூட்டம் மிகுந்த நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகும் பயணி 5 யூரோ செலுத்தவேண்டும். 2025இல், பிந்திப் பதிவு செய்வோருக்கு அது 10 யூரோவாயிற்று. இரவு தங்குவோருக்கு இக்கட்டணம் இல்லை. தங்குவரி தனியே அறவிடப்படுகிறது.

இக்கட்டணம் பிழையான வாசலில் வசூலிக்கப்படுகிறது என்பதே என் கருத்து. பகலில் வந்து, ஒரு கோப்பி குடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர் நெரிசலைத் தருகிறார். எவருடைய வீட்டையும் எடுத்துக்கொள்வதில்லை. மாத வாடகைக்குக் குடும்பம் இருந்த வீடு பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகும்போதுதான், அக்குடும்பம் பெருநிலப்பரப்புக்குப் பெயர்கிறது. பின்னாலேயே பாண் கடையும் மூடப்படுகிறது. அவ்விடத்தில் முகமூடி விற்கும் கடை வருகிறது.

13ஆம் நூற்றாண்டில் வெனிஸிலிருந்து புறப்பட்ட மார்க்கோ போலோ, இலங்கை அரசனிடமிருந்த மாபெரும் மாணிக்கத்தைப் பற்றியும் சொல்லிவைத்தார். அயலூரைப் பார்த்து வியப்பதில் அவர்களே நமக்கு முன்னோடிகள். ஆகவே வெனிஸுக்குப் போவதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். நாள் வாடகை வீடுகளுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை இத்தாலிய நாடாளுமன்றம் 2022இல் அந்நகருக்கு வழங்கியது. அதை முழுமையாகப் பயன்படுத்துவதே வழி. வாசலில் சேரும் யூரோக்களால் மருந்துக்கடைப் பலகையின் எண் ஒன்றுகூட உயராது.